வைப்பர் மேல் குற்றமில்லை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முக்கால் நலம் என்று எழுதினால்தான் உண்மையாக இருக்கும். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கம் கெடாமல், நன்றாக இருக்க வேண்டும், அதைவிட எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் அடித்தாலே அப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிப் பேசுவது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்பா காருக்கு நீ அனுப்பிய வைப்பர் விஷயமாக உன் மேலதிகாரியிடம் போய் நிற்காதே. நீயும் உன்னோடு வேலை செய்கிறவர்களும் பொய் மழை பெய்யும் அறையில் மாதக்கணக்கில் சோதித்துச் செய்தது அது. பார்சல் வந்த அன்று தெருவில் ஒருவர் பாக்கி இல்லாமல் கூப்பிட்டுக் காட்டிய உன் அப்பா, பிறகு துடைக்கவே மாட்டேன் என்கிறது, கண்ணாடியெல்லாம் புகையாக இருக்கிறது என்றார். நீ பதறிப்போய் இரண்டாவது ஜோடி அனுப்பினாய், அதுவும் சரியில்லை என்றார். போன வாரம் நீ, என் டிசைன்லதான் எங்கயோ தப்பும்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னதை நான் கவனிக்காமல் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான் இங்கே நடக்கிறது. ஆனால் சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

வண்டி கழுவுவதில் அப்பா எப்படிப்பட்டவர் என்று உனக்கே தெரியும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்காமல் துணியைக் கிட்டே கொண்டுபோக மாட்டார். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணி அலச இன்னொரு வாளி, வட்டமாகத் தேய்த்தால் பெயிண்டில் வளையம் விழும் என்று நேராகத்தான் இழுப்பார். எதிர்வீட்டு டைலர் பாத்திர சோப்பைப் போட்டு வண்டி கழுவியதற்கு அவரை நிற்கவைத்து வகுப்பே எடுத்தாரே. அப்படிப்பட்டவர் போன மாதம் துணி கீழே மணலில் விழுந்ததும், எடுத்து ஓர் உதறு கூட உதறாமல் அப்படியே கதவில் தேய்த்தார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் பார்த்துவிட்டுக் கத்துவதற்குள் கதவு முழுக்கப் பூனை பிராண்டின மாதிரி கோடு. டைலர் வந்து, என்ன சார், வண்டிக்கு எம்ப்ராய்டரி போட்டிருக்கீங்களா என்று கேலி செய்தார். அப்பா எங்கே எங்கே என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு, எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன் கீறிட்டுப் போயிருக்கான் என்று சொல்லிவிட்டார். காக்கை எச்சம் பெயிண்டை அரித்துவிடும் என்று ஓடி ஓடித் துடைத்தவர், இப்போது பானெட்டில் எச்சம் காய்ந்து கிடக்க, அதற்குப் பக்கத்து இடத்தைத் துடைத்துவிட்டு வந்துவிடுகிறார். சரி, வயசாகிறது, சோம்பல் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் மழையில் அத்தையைப் பார்க்கப் போனோம். வைப்பர் இரண்டும் சமமாகத் துடைக்காது, ஓட்டுகிறவர் பக்கம்தான் முழுசாகத் துடைக்கும், பக்கத்து ஸீட்டுக்கு மேல் மூலையில் கொஞ்சம் விட்டுப்போகும், வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறோம் என்று நீ தட்டையும் ஸ்பூனையும் வைத்துக் காட்டினாயே, நினைவிருக்கிறதா. அந்த விட்டுப்போன மூலைக்குக் கீழே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரு பளிச்சென்று தெரிந்தது. குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் குறுக்கே வந்ததும் தெரிந்தது. அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் போட்ட கூச்சலில்தான் பிரேக் அடித்தார், அந்தப் பெண் பானெட்டைக் கையால் தட்டித் திட்டிவிட்டுப் போனாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, உன் பொண்ணோட ரப்பர்ல ஏதோ கோளாறு என்றார். கண் டாக்டர் என்று வாயெடுத்தால், ஊசியில நூல் கோர்ப்பேன், பாக்குறியா என்கிறார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

அதனால் ஒரு காரியம் செய்தேன், நீ திட்டாதே. மழை நாளிலாவது வண்டி எடுக்காமல் இருக்கட்டும் என்று அவர் பக்கத்து வைப்பரை நீ வீடியோவில் காட்டிய மாதிரியே கழற்றி, பீரோவில் போர்வைகளுக்கு நடுவே ஒளித்துவிட்டேன். அது இல்லாததே அவர் கண்ணில் படவில்லை. தூறலில் வண்டியை எடுத்து சுவிட்சைப் போட்டிருக்கிறார், வெறும் இரும்பு கண்ணாடியில் கிறீச்சென்று இழுத்திருக்கிறது. புது ரப்பரே சத்தம் போடுது என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். அவர் உள்ளே போனதும் குடையோடு ஓடி வைப்பரை மாட்டப் போனேன், பார்த்தால் கண்ணாடியில் வில் மாதிரி வெள்ளைக் கீறல், சரியாக அவர் முகத்துக்கு நேரே. செத்தோம், காலையில் வீடு ரெண்டாகப் போகிறது என்று படுத்தேன். காலையில் நல்ல வெயில். அவர் கையாலேயே கண்ணாடியைக் கழுவினார், உள்ளே உட்கார்ந்து அந்தக் கீறல் வழியாகவே தெருவைப் பார்த்துவிட்டு, இன்னிக்குத்தான் கண்ணாடி சுத்தமா இருக்கு என்றார். அந்தத் திட்டை வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த மாதம் லீவுக்கு வரும் உன் அண்ணன் பிள்ளைகளை ஸ்டேஷனிலிருந்து தானே வண்டியில் கூட்டிவருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். பின் ஸீட்டில் இரண்டு பிஞ்சுகள், என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. புகார் கொடுத்தால் கம்பெனியில் கண் பரிசோதனைச் சீட்டு கேட்கிறார்கள் என்று நீ ஒரு பொய் சொன்னால் என்ன என்று கூட யோசித்தேன், பிறகு வேண்டாம் என்று தோன்றியது. கண் டாக்டரிடம் போகலாமா என்று நேராகவே கேள், நீ சொன்னால் தட்டமாட்டார். அம்மாதான் எழுதினாள் என்றும் சொல், கோபம் வந்தால் என் மேல் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதை எழுதும்போது வாசலில் வாளிச் சத்தம் கேட்கிறது, வண்டிதான் கழுவுகிறார். இப்போது ஜன்னல் பக்கம் வந்து யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார், உனக்குத்தான் என்றேன். துணியைப் பிழிந்துகொண்டே, மூணாவது ஜோடி ஒண்ணும் அனுப்ப வேணாம்னு எழுது, பாவம் புள்ள ரொம்ப மெனக்கெடுறா, எனக்கு இது பழகிடுச்சு என்றார்.

நீ நீண்ட ஆயுளோடும் குறையில்லாத கண்ணோடும் இருக்க வேண்டும், உன் கை செய்கிற எல்லாம் நன்றாகவே விளங்கும். கடிதம் கிடைத்த அன்றே போன் செய், காலையில் செய், அவர் சாவியைத் தேடுவதற்கு முன்னால். இப்போதெல்லாம் அதைக் கண்டுபிடிக்க அவருக்கு வெகு நேரம் ஆகிறது.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா