டிரெஸ்ஸர் வீட்டுப் பூசணிக் காம்பு

ஆகஸ்ட் 3, செவ்வாய்

காலையில் தூறல். பிறகு கொளுத்தும் வெயில். மரவள்ளிக் கிழங்கு அவியல், உப்பில்லாமல்.

டிரெஸ்ஸர் (இனி டி. என்றே எழுதுகிறேன்) வீடு தேடி வந்தார். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த மனிதர். ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் காஜா பெராங் தெருவுக்குத் தலைவராகிவிட்டார். அரிசிச் சீட்டும் அவர் கையில், சயாம் ரயில் பாதைக்கு ஆள் எழுதும் பட்டியலும் அவர் கையில். ஏப்ரல் கடைசியில் அந்தப் பட்டியலில் தன் மகன் சந்திரன் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் என் மகன் வேலுவின் பெயரை எழுதினார். சுரண்டிய தடத்தை என் கண்ணால் பார்த்தேன். மூன்று மாதம்தான் என்றார்கள். அது முடிந்தும் நான்கு நாள் ஆகிவிட்டது.

“ராமையா, நீ தொர பங்களாவுல தோட்டக் கெபுன் வேல பாத்தவன். எங்க கொல்லையில ஒரு பூசணி பானையளவு நிக்குது, நீ குடுத்த விததான். அதப் பெருசாக்கிக் குடு. இருபத்தெட்டாந் தேதி ஜப்பான் அதிகாரி தோட்டம் பாக்க வர்றாரு.”

ஒரு மங்குக் கிண்ணம் அரிசி கொண்டுவந்திருந்தார். வாங்கிக்கொண்டேன். சரிங்க ஐயா என்றேன்.

எழுதிவைக்கிறேன், மறக்கக் கூடாது: பூசணியைப் பெரிதாக்குவேன். இந்தத் தெருவே வந்து பார்க்கும்படி ஆக்குவேன். அதிகாரி வரும் அன்று விடிகாலையில் காம்பை நானே ஒடிப்பேன். காய் அறுந்து கிடக்கக் கண்டு அதிகாரி டி.யின் கன்னத்தில் அறைவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன்.

ஆகஸ்ட் 5, வியாழன்

மழை இல்லை. கொல்லையை முழுதும் பார்த்தாயிற்று. நல்ல எருமண், மாட்டுக் கொட்டகை பக்கத்திலேயே. காய் நல்ல சாதி. ஆனால் காம்பு கொடியோடு ஒட்டி மடங்கிக் கிடக்கிறது. காயின் தோள் பெருத்தால் காம்பை நெம்பிவிடும்.

செய்ய வேண்டியவை:
காயடியில் மணல், அதன் மேல் காய்ந்த லாலாங் புல்.
காம்புக்கு இரண்டு பக்கமும் மூன்று கணு வரை கொடி விட்ட வேரை அறுக்க வேண்டும். காய் உயரும்போது கொடியும் கூடவே எழும்ப வேண்டும், மண் பிடித்து இழுக்கக் கூடாது.
காம்பின் மேல் தென்னோலை நிழல்.
தண்ணீர் தினமும் ஒரே அளவு. டி. வீட்டார் ஒருநாள் மறந்து, மறுநாள் குடம் குடமாக ஊற்றுகிறார்கள்.
கஞ்சியில் கலக்கத் தவிடு கிடைக்குமா என்று பார்க்க. வேலுவின் அம்மா மீனாட்சிக்குக் கால் வீக்கம்.

ஆகஸ்ட் 9, திங்கள்

காயைத் திருப்பினேன். காலையில் தொடவே கூடாது. இரவெல்லாம் நீர் குடித்துக் காம்பு விறைத்திருக்கும், மளுக்கென்று ஒடிந்துவிடும். வெயில் ஏறி இலை துவண்ட பிறகுதான் காம்பு வளையும். மதியம் இரண்டு விரல் தூரம். அவ்வளவுதான். நாளை இன்னும் இரண்டு விரல். காம்பு கொடிக்குக் குறுக்கே நேராக நிற்கும்வரை.

கொடியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். சந்திரன் வந்தான். இருபத்திரண்டு வயது, வேலுவின் வயதுதான். பிடி சரியில்லை. துரை பங்களாவில் எனக்குக் கொடி பிடித்தவன் வேலு. அவன் கைக்கு எல்லாம் தெரியும்.

சந்திரன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பட்டியல் விஷயம் தெரிந்திருக்கிறது. தெரியட்டும்.

ஆகஸ்ட் 14, சனி

நேற்று இரவு பெருமழை, காய் ஒரே மூச்சில் நீர் குடித்துக் காம்பில் விரல் நீள வெடிப்பு. போய்ப் பார்த்தால் டி. அதற்கு ஈரத்துணி சுற்றி, மஞ்சள் மருந்து தடவி, முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். கட்டு அழகாகத்தான் இருந்தது.

“புண்ணுதானே, தொறந்து கெடந்தா சீழ் புடிக்கும்ல?”

“மனுசனுக்குப் புடிக்கும் ஐயா. இது மூடுனாத்தான் அழுகும்.”

கட்டை அவிழ்த்தேன். கொழகொழப்பைச் சுரண்டி, நல்ல சதை வரும்வரை துடைத்து, அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் தூவிக் காற்றாட விட்டேன். இரண்டு நாள் தண்ணீரைப் பாதியாக்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்படியே விட்டிருந்தால் நான்கு நாளில் அழுகியிருக்கும். ஆனால் அது சீக்கிரம். இன்னும் யாருக்கும் அவர் பெருமையடிக்க ஆரம்பிக்கவில்லை.

ஆகஸ்ட் 20, வெள்ளி

வெடிப்பு காய்ந்து பட்டைகட்டிவிட்டது. காய் இப்போது என் முழங்கால் உயரம். இரண்டு கைகளாலும் கட்டிப்பிடிக்க முடியவில்லை. தெங்கேராவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துப் போகிறார்கள். டி. நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

கொடியில் புழுத் துளை ஒன்று. நீளவாக்கில் கீறிக் கம்பியால் புழுவை எடுத்து நசுக்கினேன். நசுக்கும்போது யாரை நினைத்தேன் என்று எழுத வேண்டியதில்லை.

மீனாட்சி: “அவன் வீட்டுக்கு இப்படி ஒழைக்கிறீங்களே, வெக்கமா இல்லையா?” இருபத்தெட்டாம் தேதி தெரிந்துகொள்வாள்.

ஆகஸ்ட் 27, வெள்ளி

மதியம் டி. கூப்பிட்டார்.

“நாளைக்கி எட்டு மணிக்கு அதிகாரி வந்தா நீ மாட்டுக் கொட்டாய் பக்கம் போயிரு. சந்திரந்தான் தனியா வளத்தான்னு சொல்லப் போறேன். அவனுக்கு ஒரு ஆபீஸ் வேல கெடைக்கும்.”

சரிங்க ஐயா. மகனைக் கொண்டு போனது போதாது, கைவேலையையும் எடுத்துக்கொள்ளட்டும்.

நாளை விடிகாலை. காம்பு விறைத்திருக்கும் நேரம். முழங்காலால் ஓர் அழுத்து போதும்.

ஆகஸ்ட் 28, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

விடிந்ததும் போனேன். காம்பின் மேல் கை வைத்தேன். அப்போதே தெருவில் மோட்டார் சத்தம். டி. சொன்ன மணியை நான் பழைய மணி என்று எண்ணிவிட்டேன். அதிகாரி டோக்கியோ மணிக்கு, பழைய மணிக்கு ஒன்றரை மணி நேரம் முந்தியே, வந்து நிற்கிறார். கொட்டகைக்கு ஓடினேன்.

அதிகாரி காயைத் தட்டிப் பார்த்தார். குனிந்து காம்பைப் பார்த்தார், சாம்பல் பட்டையைத் தடவினார். விவரம் தெரிந்தவர். யார் வளர்த்தது என்று மொழிபெயர்ப்பாளர் மலாயில் கேட்டார். டி. சந்திரனை முன்னால் தள்ளினார். தனியாகவா? தனியாகத்தான்.

அதிகாரி சிரித்தார். சயாம் முகாம்களில் காய்கறி இல்லாமல் ஆள் சாகிறார்களாம். இப்படிப்பட்ட கை அங்கே வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை லாரி.

டி. முகத்தில் ரத்தமே இல்லை. இல்லை துவான், இல்லை துவான், வளர்த்தது அவன் என்று கொட்டகையைக் காட்டினார். என்னைக் கூப்பிட்டார்கள். உண்மையா என்று கேட்டார் மொழிபெயர்ப்பாளர்.

நான் புல் வெட்டுகிறவன் மட்டும்தான் துவான் என்றேன்.

பொய் சொன்னதற்காக டி.க்கு அறை விழுந்தது. இரண்டு. காம்பு ஒடியவே இல்லை. நான் கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 29, ஞாயிறு

வெயில். டி. வாசலில் வந்து தரையில் உட்கார்ந்தார். கன்னம் வீங்கியிருக்கிறது.

“ராமையா, உண்மையச் சொல்லிரு. அவன் ஒரே புள்ள.”

“எனக்கும் ஒரே புள்ளதான் ஐயா.”

அவ்வளவுதான் பேசினேன். நான்கு மாதமாக அந்த வாக்கியத்தை வாயில் வைத்திருந்தேன். நன்றாக இருந்தது. பொய் சொல்லவில்லை, நன்றாகவே இருந்தது.

ஆகஸ்ட் 30, திங்கள்

மீனாட்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

“வளத்தது நான்தான்னு சொல்லியிருந்தா உங்களக் கூட்டிட்டுப் போயிருப்பானுங்க.”

ஆமாம் என்றேன்.

“வேலு இருக்கிற எடத்துக்கு.”

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. டி.யின் கன்னத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 31, செவ்வாய்

மழை. லாரி பண்டார் ஹிலிர் திடலில். இருட்டோடு நடந்து போனேன். மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன்: பூசணியை வளர்த்தது நான், அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியாது, என்னை ஏற்றுங்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சனிக்கிழமை புல் வெட்டினாய், இன்றைக்குப் பூசணி வளர்த்தாயா என்று கேட்டு மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தார். மறுபடியும் கும்பிட்டேன். சிப்பாய்கள் துப்பாக்கிக் கட்டையால் தள்ளிவிட்டார்கள்.

டி. மழையில் தனியாக நின்றார். நான் பக்கத்தில் போகவில்லை. மன்னிக்கவும் இல்லை.

லாரி கிளம்பும்போது சந்திரன் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். இப்போதுதான் நேராகப் பார்க்கிறான்.

“மாமா, அங்க காம்பு வெடிச்சா நான் என்ன செய்யிறது? எனக்கு ஒண்ணும் தெரியாதே. அடிச்சே கொன்னுருவானுங்க.”

லாரியோடு கூட ஓடினேன்.

“வேலுவத் தேடு. அவனுக்குத் தெரியும். எப்படியாச்சும் வேலுவக் கண்டுபுடி.”