திருப்பிப் போடாத ரொட்டி

மார்ச் 5, புதன்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பைபிளில் வருகிற ஓசியா தீர்க்கதரிசி ஆம்பளையாம். வேதப்பாடத்துக்கு முதல் இரண்டு வாரம் போகாமல், நடுவில் போய் உட்கார்ந்தவன் நான். "பாவம் அந்தம்மா, தொண்டை கிழியக் கத்துறாங்க, ஒருத்தனும் கேக்கலையே" என்று சபை நடுவில் சொல்லிவிட்டேன். போதகர் டம்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டு வெகுநேரம் தண்ணீர் குடித்தார். ஊரையே கிண்டல் செய்கிறவனுக்கு இது தேவைதான்.

ஓசியாவின் புத்தகத்தை முதல் அதிகாரத்திலிருந்து படிக்கப் போகிறேன். எழுத்துக்கூட்டித்தான். நாளைக்கு நாலு வரி போதும்.

மார்ச் 9, ஞாயிறு

நாலு வரியில் நிறுத்த முடியவில்லை. ஓடிப்போகிறவளாகப் பார்த்துக் கட்டிக்கொள் என்று ஓசியாவிடம் சொல்கிறார் கர்த்தர். கட்டுகிறான். அவளும் ஓடுகிறாள். மூன்றாம் அதிகாரத்தில், மறுபடி போய் அவளை நேசி என்கிறார்! அந்த மனுஷனுக்குச் சூடு சொரணை கிடையாதா? அல்லது சொல்கிறவருக்குத்தான் இல்லையா?

என் வீட்டுக்காரி மாவு லாரிக்காரனோடு போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. என் பேக்கரி வாசலில் லாரி ஹாரன் கேட்டால் இன்னும் வயிறு எரிகிறது. இதெல்லாம் போதகருக்குத் தெரியாதா? வேண்டுமென்றே இந்தப் பாடத்தை எடுத்திருக்கிறார்.

மார்ச் 10, திங்கள்

நேரே போய்க் கேட்டேன். "நீங்க வரவே மாட்டீங்கங்கிற தைரியத்துலதாங்க இத எடுத்தேன்" என்றார்.

மார்ச் 13, வியாழன்

மச்சான், அவளுடைய தம்பி, போன் செய்தான். லாரிக்காரன் அவளை விட்டுவிட்டானாம். இப்போது இவன் வீட்டில்தான் இருக்கிறாள். "அக்கா வரலாமான்னு கேக்குது, மாமா."

"போகும்போது கேக்கலையே. இப்ப கேக்க ஆள் வேற வச்சிருக்காளா" என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

என் வீட்டுக்காரி இந்த வாசலை மிதித்தால், தான் மிதிக்கமாட்டேன் என்கிறாள் என் அக்கா. அவளைக் கூப்பிடலாம் என்று தோன்ற இந்த ஒரு காரணம்தான் இதுவரை கிடைத்திருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

ஏழாம் அதிகாரம். அடுப்பு வருகிறது, ரொட்டி சுடுகிறவன் வருகிறான். தன் ஜனத்தைத் திருப்பிப் போடாத அப்பம் என்று திட்டுகிறார் கர்த்தர்.

தொழில் தெரிந்த திட்டு. என் அடுப்புக்கு உட்பக்கம் சூடு அதிகம். பாதி வேகும்போது தட்டை முன்பின்னாகத் திருப்பி வைக்க வேண்டும். நான் மாவு பிசைவேன், அவள் திருப்புவாள். கூப்பிடவே வேண்டாம், வாசனை பிடித்து வந்துவிடுவாள் —

எதுக்கு இத எழுதிக்கிட்டிருக்கேன்?

மார்ச் 25, செவ்வாய்

பத்து அதிகாரம் வாய் ஓயாமல் திட்டியவர், பதினொன்றில் திடீரென்று உடைந்துபோகிறார். நடை பழக்கிய பிள்ளையை எப்படி விடுவது, மனசு வரவில்லையே என்கிறார். சரி, கோபம் தீர்ந்தது என்று பார்த்தால், பதிமூன்றில் குட்டியைப் பறிகொடுத்த கரடி மாதிரி மறுபடி பாய்கிறார்.

கோபம் தீரட்டும், அப்புறம் அன்பைப் பார்க்கலாம் என்றுதான் நானும் இருந்தேன். இவருக்கே தீரவில்லை! எனக்கு எங்கே தீரப்போகிறது?

ஏண்டி, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா? நல்லா சண்டை போட்டிருக்கலாமேடி. ரெண்டு வருஷமா சுவத்தோட சண்டை போடுறேன். சுவரு திருப்பிப் பேசுதா?

மச்சானைக் கூப்பிட்டேன். "கோபம் ஆறல. ஆறவும் ஆறாது. அதையும் சொல்லிடு. சொல்லிட்டு, வரச் சொல்லு."

ஏப்ரல் 2, புதன்

நேற்று மாலை வந்தாள். பையை மூலையில் வைத்தாள். நான் மாவு பிசையப் போனேன். என் அக்கா சொன்ன சொல் தவறாதவள். வாசலை மிதிக்காமல் ஜன்னல் வழியாக ரொட்டி கேட்டாள்.

இன்று காலை முதல் தட்டு பாதி வெந்ததும் அவள் திருப்பி வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. நான் எப்போதும்போல் போய்த் திருப்பினேன். நானும் சொல்லவில்லை. இரண்டு தரம் திருப்பியதில் தட்டு பழைய இடத்துக்கே வந்துவிட்டது: ஒரு பக்கம் கரி, மறுபக்கம் மாவு. அக்காவுக்கு அதிலிருந்து இரண்டு கொடுத்தனுப்பினோம்.