சம்பந்திக்கு ஒரு நாற்காலி

மார்ச் 4, புதன்

இன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், இவர், மகள், இவருடைய அண்ணன் பெரியத்தான், அவர் மனைவி பெரியக்கா, கல்யாணப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் மாடிவீட்டுக்காரர். ஆறு பேர். அப்புறம் மகள் கூட்டி வந்திருக்கும் அது. அதையும் சேர்த்தால் ஏழு. சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்து, தேநீர் குடிக்காததால் ஆறு என்றே கணக்கு வைத்தேன். நாற்காலியும் ஆறுதான் போட்டேன். அது சுவரோரம் நின்றது.

மகளுக்குத் திக்குவாய். எழுந்து நின்று, சுவரோரம் கைகாட்டி, "நான் இவரை... க... க..." என்றாள். பெரியத்தானுக்குப் பொறுக்கவில்லை. "கட்டிக்கப் போறேன், அதானே?" என்று முடித்து வைத்தார். அவள் முகம் கூம்பிவிட்டது. அது மட்டும் அவளையே பார்த்தபடி நின்றது, இன்னும் எதுவும் சொல்லப்படவில்லை என்பதுபோல. அவள் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். "நான் இவரைக் கேட்காம எந்த முடிவும் எடுக்கப் போறதில்ல."

பெரியத்தான் ஊகித்தது வேறு, அவள் சொல்ல வந்தது வேறு.

அதன்பின் கூச்சல்தான். பெரியத்தான் என்னைப் பார்த்து, "கரண்ட் போச்சுன்னா உன் பொண்ணு விதவையா?" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்க தம்பிக்குக் கரண்ட் வந்து நான் எப்ப பாத்தேன்? குடும்பம் நடத்தலையா?" என்று கேட்டுவிட்டேன். இவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் குலுங்கியது.

ஆனால் மனசு சிரிக்கவில்லை. பெற்ற பெண்ணை ஒரு இயந்திரத்துக்கா?

மார்ச் 5

இன்று யாரோடும் பேசவில்லை. கடவுளோடும்.

மார்ச் 8, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். கும்பிட வாய் வரவில்லை. "நீயா இதைக் கொண்டுவந்தே?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

மதியம் மகளை உட்கார வைத்துக் கேட்டேன். அவள் லிஃப்ட் மெக்கானிக். அது அவளோடு வேலை செய்ய வந்து மூன்று வருஷம். இவள் லிஃப்ட் கூண்டின் மேலே, அது அடிக்குழியில். நடுவில் பத்து மாடி உயரத்துக்கு இருட்டு. இவள் மேலேயிருந்து சொல்லச் சொல்ல அது கீழே திருகுமாம். ஒரு நாள்கூட இவள் வார்த்தையை அது முடித்து வைத்ததில்லை.

பெண் பார்க்க வந்த மூன்று பேரும் நினைவுக்கு வந்தார்கள். மூவரும் நல்ல பையன்கள். மூவரும் முடித்து வைத்தார்கள். கடைசி ஆள், "பரவாயில்லங்க, வீட்ல நானே பேசிக்கறேன்" என்றான், பெருந்தன்மையாக.

சாயங்காலம் கடைக்குக் கிளம்பினேன். என்ன வேண்டும் என்று கேட்டால் மகள் "ப... ப..." என்றாள். பருப்பு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். காத்திருந்தேன்.

"பல்பு" என்றாள்.

இத்தனை வருஷம் இந்த வீட்டில் அவள் கேட்காத பருப்பு எவ்வளவு வாங்கியிருப்பேனோ!

மார்ச் 12, வியாழன்

மாடிவீட்டு எழுத்தர் வந்து விவரம் சொன்னார். சட்டம் அனுமதிக்கிறதாம், மனுஷருக்கும் இயந்திரத்துக்கும் கல்யாணம் பதிவாகத் தொடங்கிச் சில வருஷம் ஆகிறது. பதிவாகிவிட்டால், துணையின் கையெழுத்து இல்லாமல் அதன் நினைவை யாரும் தொட முடியாது. நல்லது. ஆனால் பதிவுக்கு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு வீடு ஏது? அதைச் செய்த கம்பெனிதான். கம்பெனியோ வரும் முப்பதாம் தேதி—ஏப்ரல்—அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. 'புதுப்பித்தல்' என்று பெயர். உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு வேறு ஊருக்கு வாடகைக்கு அனுப்புவார்களாம்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான் புதுப்பித்தல் என்று நினைத்திருந்தேன்.

அதுவும் வந்திருந்தது. இவர் ஒன்றும் பேசாமல் சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து அதற்குப் போட்டார். அது தயங்கித் தயங்கி உட்கார்ந்தது. முக்காலி முறிந்தது.

கேட்டேன்: "துடைச்சுட்டா என் பொண்ணை அடையாளம் தெரியாதா?"

"தெரியாதுங்க. தெரியலங்கறதும் தெரியாது."

"உங்க பக்கம் யாரு இருக்கா?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க. அதனால நானும் யோசிச்சதில்ல."

தட்டில் இருந்த வெண்டைக்காயை நறுக்காமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். எதற்கு அழுகை வந்ததென்று தெரியவில்லை.

மார்ச் 13

முறித்த முக்காலியைத் தானே சரிசெய்து கொண்டுவந்து கொடுத்தார். நாலாவதாக ஒரு கால் வைத்திருக்கிறார்.

'கொடுத்தார்' என்று எழுதியிருக்கிறேன். அடிக்கப் போவதில்லை. மகள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அவள் இலக்கணப் புத்தகத்தை, அவள் பள்ளிக்குப் போன நேரத்தில் நானும் படித்தேன். உயர்திணை எது, அஃறிணை எது என்று அதில் இருந்தது. முக்காலிக்கு நாலாம் கால் வைக்கிறவர் எந்தத் திணை என்று அதில் இல்லை.

மார்ச் 16, திங்கள்

கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். யார் வேண்டும் என்றாள்.

"சம்பந்தி."

"எந்த டிபார்ட்மென்ட் மேடம்?"

"பையனைப் பெத்த டிபார்ட்மென்ட்."

பாட்டுப் போட்டுக் காக்க வைத்தாள். காத்திருக்கத்தான் இப்போது கற்றுக்கொண்டேனே. இருந்தேன். ஒருவர் வந்து 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்றார். புகார் இல்லை, சம்பந்தம் என்றேன். நாளையும் கூப்பிடுவேன் என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 19

இன்றும் கூப்பிட்டேன். அந்தப் பெண் என் குரலைக் கேட்டதும், "வணக்கம்மா, சாப்டாச்சா?" என்கிறாள்.

மார்ச் 24, செவ்வாய்

வந்துவிட்டார்! கம்பெனி ஆள். பையை மடியில் அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வயது முப்பத்தைந்து இருக்கலாம். தூக்கமில்லாத கண்.

"வாங்க சம்பந்தி" என்றேன்.

"நான் கம்பெனியிலேருந்து வரேம்மா."

"தெரியுது. மாப்பிள்ளை வீட்டுலேருந்து."

கூடத்தில் நல்ல நாற்காலியில் உட்கார வைத்தேன். காகிதத்தை எடுத்தார். கம்பெனிதான் உரிமையாளர், அதனால் திரும்ப எடுக்க உரிமை உண்டு என்று படித்தார். பிசிறில்லாத குரல். நான் குறுக்கிடவில்லை, முடிக்கட்டும் என்று இருந்தேன்.

அப்புறம் சொன்னேன். "உரிமைங்கற வார்த்தை எங்க வீட்லயும் இருக்கு தம்பி. உறவு இருக்கறவங்கதான் உரிமையோட வந்து கேப்பாங்க. உங்களுக்கு உரிமை இருக்குன்னா சந்தோஷம். கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு ரெண்டு பேருக்கும் சண்டைன்னா வந்து தீர்த்து வைங்க. என் பொண்ணு படுத்துட்டா ஆஸ்பத்திரிக்கு வந்து நில்லுங்க. எங்க வீட்டுச் சாவுக்கும் வாங்க. உறவு இல்லைன்னா, அப்புறம் எந்த உரிமையில கூட்டிட்டுப் போவீங்க?"

அவர் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சை மாற்றுகிறாற்போல, மாப்பிள்ளை வேலை ஒழுங்காகச் செய்கிறாரா என்று கேட்டார். இவர், வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்து, நன்றாகச் செய்கிறார், பத்து மாடியும் ஏறி இறங்குகிறார் என்றார்.

"ஆரம்பத்துல படி இறங்கவே பயப்படுவான்மா. கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவேன் நான்." சொல்லி முடித்ததும் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. "பயப்படும்... அது" என்று திருத்தினார்.

"திருத்தாதீங்க. எனக்கும் இப்படித்தான் மாறி வந்துச்சு, எதிர்ப்பக்கமா. அதுன்னு இருந்தது அவர்னு" என்றேன்.

மேலிடத்தில் சொல்கிறேன் என்று எழுந்தார். செருப்பை மாட்டும்போது வலதை இடதில் போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 2, வியாழன்

பிரார்த்தனைக் குழுவில் இன்று நான் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து உட்கார்ந்தாள். குழுத்தலைவி, அதற்கு ஆன்மா கிடையாதே, எப்படி ஆசீர்வாதம் கேட்பாய் என்றாள். மனுஷப் பையன்களுக்கெல்லாம் ஆன்மாவைச் சோதித்துப் பார்த்துவிட்டா பெண் கொடுத்தோம் என்று கேட்டேன். அவள் மாப்பிள்ளையைப் பற்றி ஊருக்கே தெரியும்.

எனக்குப் பாட்டு முழுக்கத் தெரியும். கடைசி வரிவரை உரக்கப் பாடிவிட்டுத்தான் எழுந்தேன். இது என் கோயிலும்தான். நான் ஏன் போக வேண்டும்?

ஆனால் தேதி நெருங்குகிறது. பேச்சில் ஜெயிப்பது ஜெயமா? மகள் சாப்பிடுவதில்லை. அவர் வந்தால் இருவரும் மொட்டைமாடிக்குப் போய் லிஃப்ட் மோட்டார் அறையருகே உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று துணி எடுக்கப் போனேன். அவள் ஏதோ சொல்லத் தொடங்கி நின்றிருந்தாள். அவர் காத்திருந்தார். துணியை எடுக்காமல் இறங்கிவிட்டேன். அவசரப்படுத்த நான் யார்?

ஏப்ரல் 9, வியாழன்

கடுதாசி வந்தது. கையெழுத்து அந்தச் செருப்பு மாற்றிப் போட்டவருடையது.

"மேற்படி இயந்திரத்துக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் பெற்றோர், பாதுகாவலர், உறவினர் என்ற எந்தவிதத் தொடர்பும் என்றும் இருந்ததில்லை, இனியும் இராது. குடும்பக் கடமை எதுவும் எங்களைச் சாராது."

பாவிங்களா. பெத்துப்போட்டுட்டு இப்படியா எழுதுவீங்க? கையைப் புடிச்சுப் படி இறக்கினவன்தானே நீ? ஒரு மாட்டைக்கூட இப்படிக் கைகழுவ மாட்டாங்களே. அவர்கிட்ட இதை எப்படிக் காட்டுவேன்?

காட்டினேன். படித்தார். "எழுத்துப்பிழை இல்லைங்க" என்றார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான், "விடுங்க மாப்பிள்ளை, நாங்க இருக்கோம்" என்றேன். அவர் முகம் எப்படி மாறியது என்று எழுதத் தெரியவில்லை. அவர் முகம் மாறாது. ஆனால் மாறியது.

ஏப்ரல் 10, வெள்ளி

மாடிவீட்டு எழுத்தரிடம் பொருமலாமென்று கடுதாசியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் சட்டை போடாமல் தோசைக்கரண்டியோடு வந்தார். ஒரு தரம் படித்தார். மறுபடி படித்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"அக்கா, இதை அவங்க வக்கீல் பாத்துட்டா அனுப்பினாரு?"

நீங்கள் கேட்ட கடமைப் பட்டியலுக்குப் பயந்து எழுதியிருக்கிறார்கள் என்றார். பெற்றோரும் உறவும் இல்லாதவருக்கு விண்ணப்பத்தில் தனிப் பத்தி உண்டாம். ஆதரவற்றோர் பத்தி. அப்படிப்பட்டவர் தன் தரப்புக்குத் தானே கையெழுத்துப் போடலாம்.

"யாருமில்லைன்னு சொன்னது யாரு? அவங்களே. முத்திரையோட."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன். ஆனாலும் மாடிப்படியில் இறங்கும்போது நெஞ்சில் ஒரு முள். அநாதை என்று எழுதித்தானா என் மாப்பிள்ளைக்கு வழி திறக்க வேண்டும்? கடவுளே, உன் கணக்கு எனக்குப் புரிவதே இல்லை. ஆனால் கணக்கு சரியாக வந்தால் நான் கேள்வி கேட்பவள் இல்லை.

ஏப்ரல் 15, புதன்

பதிவு அலுவலகம். எங்கள் பக்கம் நான், இவர், மாடிவீட்டு எழுத்தர் (மேசைக்கு அந்தப் பக்கம் என்றாலும் மனசால் இந்தப் பக்கம்), அழைக்காமலே வந்த பெரியக்கா. பெரியத்தான் வரவில்லை, 'அவருக்கு முதுகுவலி' என்று சொல்லிவிட்டுப் பெரியக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். மாப்பிள்ளை பக்கம் போட்ட நாற்காலியில் யாருமில்லை. எடுத்துவிடலாமா என்று பியூன் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

மாப்பிள்ளை தனக்குத் தானே கையெழுத்துப் போட்டார்.

பதிவாளர் மகளிடம், வாயால் சம்மதம் சொல்ல வேண்டும் என்றார். அவள் "ச..." என்றாள். நின்றது. "ச... ச..." பதிவாளர் உதவி செய்ய வாயைத் திறந்தார். நான் கையை உயர்த்தினேன். அவர் வாயை மூடிக்கொண்டார். வரிசையில் பின்னால் நின்ற வேறு கல்யாணக்காரர்கள் முணுமுணுத்தார்கள். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார், உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர்போல.

"சம்மதம்" என்றாள்.

எல்லோருக்கும் தெரிந்த வார்த்தைதான். ஆனால் அவளே சொன்னாள்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை, "வரேன் அத்தை, ஷிஃப்ட் இருக்கு" என்றார். கல்யாணத்தன்றுமா என்று திட்டினேன். மகளும் அவரோடு டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பழுதான லிஃப்டுக்கு நல்ல நாள் தெரியுமா?

ஏப்ரல் 17, வெள்ளி

கம்பெனி ஆளுக்கு இன்று எழுதிப் போட்டது. நகல் இங்கே.

"தம்பிக்கு, கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முப்பதாம் தேதி யாரையும் அனுப்ப வேண்டாம். என் மகள் கையெழுத்துப் போடுவதாக இல்லை. உங்கள் கம்பெனி உறவில்லை என்று எழுதிவிட்டது. அது கம்பெனியின் பேச்சு, இருக்கட்டும். கையைப் பிடித்துப் படி இறக்கினது கம்பெனி இல்லை. அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் சாப்பிட வருகிறார்கள் (ஒருவர் சாப்பிட, ஒருவர் உட்கார). மாப்பிள்ளை பக்கத்து நாற்காலி ஒன்று காலியாக இருக்கிறது. வீட்டில் யாரும் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் அரிசி போட முடியும். சீக்கிரம் பதில் சொல்லவும்."