பெயர் சொல்லி ஜெபித்தவருக்கு

நேற்று மைக்கின் பஞ்சு உறையைக் கழற்றினேன். உங்கள் தைல மணம் வந்தது. பிரசங்கத்துக்கு முன் தொண்டையில் தடவுவீர்களே, அது. நீங்கள் கண்மூடி ஒரு வருடம். உறையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மணம் போகவில்லை.

புதுப் போதகர் இன்னும் வரவில்லை. ஞாயிறு ஆராதனையை மூப்பர்கள் பார்க்கிறார்கள். புதன் ஜெபக்கூட்டம் என் கையில். உங்களைப் போலவே கதிரைகளை வட்டமாகப் போடுகிறேன். நாட்டுக்கு, நோயாளிகளுக்கு, குடும்பங்களுக்கு என்று உங்கள் வரிசையிலேயே ஜெபிக்கிறேன். கூட்டம் நடத்த வேறு முறை எனக்குத் தெரியாது. அதற்கும் உங்கள் மேல்தான் கோபம்.

உங்களிடம் எதைச் சொன்னாலும் அது ஜெபக் குறிப்பாகிவிடும். லிங்கநகரில் யாருடைய மகன் குடிக்கிறான், அன்புவழிபுரத்தில் எந்தச் சம்பந்தம் முறிந்தது, எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கி வழியாகத் தெருவுக்குப் போகும். சபை கண்ணை மூடிக்கொண்டு கேட்கும். நன்றாகவே கேட்கும்.

அக்காவும் உங்களிடம்தான் வந்தாள். உங்கள் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அத்தான் அடிப்பதைச் சொன்னாள். ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றும் கேட்டாள். நீங்கள் தலையாட்டினீர்கள்.

அந்த ஞாயிறு அவள் பெயரைச் சொல்லித் தொடங்கினீர்கள். "வீட்டில அடி வாங்குற இந்தச் சகோதரிக்குப் பொறுமையைத் தாரும் ஆண்டவரே." அத்தான் ஆண்கள் பக்கத்தில் இருந்தார். எல்லாரோடும் சேர்ந்து ஆமென் என்றார்.

வீட்டுக்குப் போன கையோடு அடித்தார். அக்காவின் இடது காது அன்றோடு போனது. உப்புவெளியில் அவள் வேலை செய்யும் விடுதியில், பஸ் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். சபைக்கும் அதே கதை. அத்தான் பிறகு கட்டாருக்குப் போனார், திரும்பவில்லை. கதை மட்டும் அப்படியே இருக்கிறது.

அம்மா உங்களிடம் வந்து உண்மையைச் சொன்னா. நானும் கூட நின்றேன். நீங்கள் கதிரையை விட்டு எழும்பாமலே அம்மாவுக்குச் சொன்னீர்கள்.

"நான் ஜெபம்தானே பண்ணினனான், தங்கச்சி. அதில என்ன பிழை?"

அடுத்த வாரம் அம்மாவின் கோபம் தணியவும் ஜெபித்தீர்கள். பெயர் சொல்லி.

புதன்கிழமைகளில் நான் பெயர் சொல்வதில்லை. ஒரு மூப்பர் குறைபட்டுக்கொண்டார். பெயர் இல்லாவிட்டால் யாருக்கு என்று ஆண்டவருக்கு எப்படித் தெரியும் என்றார்.

"அவருக்குத் தெரியும் ஐயா. உங்களுக்குத்தான் தெரியாமல் கிடக்கு."

பெண்கள் பக்கம் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

இன்று உங்கள் நினைவு ஆராதனை. நன்றி ஜெபத்துக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். உடனே ஒப்புக்கொண்டேன். நன்றியினால் அல்ல. உங்கள் பெயர், அக்காவின் காது, அம்மா முன்னால் நீங்கள் எழும்பாமல் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே ஜெபத்தில், உங்கள் முறையிலேயே, தெருவுக்கும் கேட்கச் சொல்ல இருந்தேன்.

காலையில் அக்காவிடம் சொன்னேன். வலது காதைத் திருப்பிக் கேட்டாள்.

"வேண்டாம். என்ர கதையைத் திரும்பவும் மைக்கில போடாதை."

"சனத்துக்குத் தெரியவேணும் அக்கா."

"காது என்ர."

ஆராதனையில் மைக்கைப் பிடித்தேன். நீங்கள் போட்ட கூரைக்கு நன்றி சொன்னேன். நீங்கள் தொடங்கிய ஞாயிறு பாடசாலைக்கு நன்றி சொன்னேன். முன் வரிசையில் உங்கள் மனைவி அழுதா. சபை ஆமென் என்றது.

அக்கா கேட்டபடி அவள் கதையை மூடிவைத்தேன். அதற்குள் நீங்களும் பத்திரமாக இருக்கிறீர்கள். அவளைக் காட்டாமல் உங்களைக் காட்ட ஏலாது. அவள் இருக்கும்வரை உங்கள் நல்ல பெயரை நான்தான் சுமக்கவேண்டும்.