கல்லில் வைத்த பேர்

ரிங்லெட்,
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி.

என் செல்லம் ரூபினிக்கு அம்மா எழுதுவது. தோட்டத்து லயத்து வீடுகளில் கடைசி விளக்கும் அணைந்த பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன், இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள், பகலில் எழுதினால் அப்பா தோளுக்குப் பின்னால் நின்று வரிவரியாகப் படிப்பார். இங்கே நாங்கள் இரண்டு பேரும் பெரிதாக நோய்நொடி ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், கூச்சிங்கில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல், நன்றாக இருக்கிறாய் என்றே மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீ ஐயோ அம்மா லா என்று சிரிப்பாய், உன்னோடு சேர்ந்து நானும் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். அதனால்தான் தாள். நாளைக்கு அனுப்பப் போகிற பார்சலில் முறுக்குக்கு மேலே இதை வைப்பேன், முதலில் இதைப் படித்துவிட்டு முறுக்கைத் தொடு. உன் நீலக் கம்பளிச் சட்டையும் உள்ளே இருக்கிறது, கூச்சிங் வெயிலுக்கு இது எதற்கு என்று கேட்காதே, லைப்ரரியில் ஏர்கோன் குளிருகிறது என்று நீதான் சொன்னாய்.

அப்பாவுக்கு இனிப்பு நீர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, டாக்டர் சொன்னதை எனக்கு முன்னால் கேட்பார், ஆபீஸ் கண்டீனில் மறந்துவிடுவார். இந்த வருஷம் மழை விடவே இல்லை, கீழே லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோபிஸ் போட்டவர்கள் எல்லாம் எப்போது தண்ணீரைத் திறந்துவிடுவார்களோ என்று அணைப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சனி ஞாயிறு வந்தால் மட்டும் தாப்பா ரோட்டில் காடிக்குப் பின்னால் காடி, ஸ்ட்ராபெரி பார்க்க வருகிறவர்கள், அருவிக்கு நடக்க வருகிறவர்கள். என் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் முதலாம் வகுப்புக்கு மொத்தமே ஒரு கைப்பிடிப் பிள்ளைகள்தான். இதெல்லாம் இருக்கட்டும். நான் எழுத வந்தது உன்னோடு வளர்ந்த ரேகாவைப் பற்றி. அவள் அருவிப் பாதையில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள் என்று மட்டும்தான் போனில் சொன்னேன், மீதியை நான் சொல்லவில்லை.

தேயிலைக் கடையில் வேலை செய்துகொண்டே அவள் லீவு நாட்களில் வெளியூர்க்காரர்களைக் கீழ் அருவிக்குக் கூட்டிப் போவது உனக்குத் தெரியும். அன்றைக்குச் சாயந்தரம் மழை பிடித்துக்கொண்டது. கூட்டி வந்தவர்களைப் பத்திரமாக மேலே ஏற்றிவிட்டு, அதில் ஒரு பெண் பாறையில் மறந்து வைத்த போனை எடுக்க இவள் மட்டும் திரும்ப இறங்கினாள். இறங்கினவள் வரவில்லை. இருட்டுவதற்குள் மீட்பு ஆட்கள் வந்துவிட்டார்கள், பாதை வழுக்குகிறது, மண் சரியும் என்று சொல்லி மற்ற யாரையும் உள்ளே விடாமல் கயிறு கட்டினார்கள், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. லோரி ஓட்டுகிற இருளப்பன் அண்ணன் மட்டும், சார், எங்காளு சார், நாங்க கூப்புட்டா வந்துரும் சார் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அவர்கள் கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் அவள் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார்கள். அந்தப் போன்காரப் பெண்ணும் அவள் கூட வந்தவர்களும் மேலே கயிற்றோரம் நின்று ரேகா ரேகா என்று அழுதுகொண்டே கத்தினார்கள். நான் அம்மாக்கண்ணு அக்காவைப் பிடித்துக்கொண்டு தேயிலைக் கடைப் படியில் உட்கார்ந்திருந்தேன். பெற்ற மகளைக் காணோம், அக்கா வாயைத் திறக்கவே இல்லை. அவர் ஏன் கூப்பிடவில்லை என்று அந்தப் பெண் என்னிடம் இங்கிலீஷில் கேட்டது, பட்டம் வாங்கின டீச்சர் நான், அக்காவின் முந்தானையை இழுத்துப் போர்த்திவிட்டேன்.

உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் எழுதினால்தான் எனக்கு மனசு நிற்கும். கடைசித் தேயிலை நிரைக்கும் காட்டுக்கும் நடுவில் இருக்கிற முனியாண்டி கல்லில் உள்ளங்கையை வைத்து, அவரவர் பேரைச் சொல்லி, இது இங்கே இருக்கட்டும் வந்து எடுத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நாம் இறங்குவோம். கீழே யாருக்கும் பேர் கிடையாது. கூப்பிட வேண்டுமென்றால் ஊ என்று நீளமாய் ஒரு குரல், பதிலுக்கும் ஊ. கீழே பேரைச் சொல்லி ஒன்று கூப்பிட்டால் அது நம் ஆள் இல்லை, ஏன் என்று கேட்கக் கூடாது, திரும்பக் கூடாது. ஏறி வந்ததும் கல்லைத் தட்டிப் பேரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம். தோட்டத்தில் பிறந்த எனக்கு இது பல் விளக்குவது மாதிரி, நீ நடக்க ஆரம்பித்ததும் உனக்கும் பழக்கினேன். ஈப்போவில் வளர்ந்த உன் அப்பாவுக்கு மட்டும் இன்றைக்கும் சிரிப்புதான். சின்னதில் நீ ஒரு தடவை குறும்புக்கு உன் பேரை வைக்காமல் அப்பா பேரை வைத்துவிட்டு வந்தாய், அன்றைக்குப் பார்த்து நான் எவ்வளவு கூப்பிட்டும் அவர் குறட்டையிலிருந்து எழவில்லை, நீ அலறிக்கொண்டு டார்ச் லைட்டைத் தூக்கிக்கொண்டு கல்லுக்குப் போகணும் என்று நின்றாய், ஞாபகம் இருக்கிறதா? அதைச் சொல்லிச் சொல்லி எவ்வளவு சிரித்திருக்கிறோம்.

விடிந்து மழை விட்டதும் மீட்பு ஆட்களின் தலைவர் இருளப்பன் அண்ணனை மட்டும் வரச் சொன்னார். ராத்திரி மேலேயிருந்து ஊ விட்டிருந்தால் மழையில் எட்டியிருக்காது, அண்ணன் கல் வழியாக இறங்கி, முதல் திருப்பத்தில் நின்று ஒரே ஒரு ஊ விட்டார். உடனே, அவர் வாயை மூடுவதற்குள், பதில் ஊ வந்தது. எங்கிருந்து என்கிறாய்? பாதைக்குக் கீழே, விழுந்து கிடக்கிற மரத்துக்கு அடியில், நம் வீட்டு வாசலிலிருந்து கிணற்றடி தூரம்கூட இருக்காது. ராத்திரி முழுக்க அவள் தலைக்கு மேலேதான் லைட்டும் ஆட்களுமாகப் போய் வந்திருக்கிறார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வாயில் துப்பட்டாவைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது, ஏன் கண்ணு ஒரு குரல் கொடுக்கலை என்று கேட்டேன். எப்படி டீச்சர் கொடுப்பேன், சுத்திச் சுத்தி எல்லாமே என் பேரைத்தானே சொல்லுச்சு என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நடுவுல எங்கம்மாவும் கூப்புட்டாங்க டீச்சர், ரேகா வாடி சோறு ஆறுதுன்னு, ரொம்பக் கிட்டத்துல, காதுகிட்ட, அப்பதான் பயந்துட்டேன் என்றாள். அம்மாக்கண்ணு அக்கா என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ராத்திரி அது. அவர் வாயைத் திறக்கவில்லை என்று இப்போதுதான் எழுதினேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் தூங்கியிருப்பேன். அவளை வெளியே கொண்டுவந்தது கீழ் ரோட்டு வழியாக, ஆம்புலன்ஸ் அங்கேதான் நிற்க முடிந்தது. கல் பக்கமே வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ரேகா என்று கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. காது கேட்கிறது, பேசுகிறாள், சாப்பிடுகிறாள், டிவி பார்த்துச் சிரிக்கிறாள், பேரைச் சொன்னால் மட்டும் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி சும்மா இருக்கிறாள். அக்கா அடுப்படியிலிருந்து மகளைச் சாப்பிடக் கூப்பிட ஊ என்று குரல் கொடுப்பதும், உள்ளேயிருந்து ஊ என்று பதில் வருவதும், ரூபினி, லயத்தில் ராத்திரி அதைக் கேட்டால் நான் எழுந்து ஜன்னலைச் சாத்திவிடுவேன். அதிர்ச்சி, போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். பெத்தவ போயி எடுத்துட்டு வரலாமா டீச்சர் என்று அக்கா என்னைக் கேட்டார், அது யாருக்குத் தெரியும், அவரவர் பேரை அவரவர்தானே எடுப்பது. வெள்ளிக்கிழமை அக்கா தனியாகப் போய்க் கல்லைத் தட்டி மகள் பேரைச் சொல்லி எடுத்துக்கொண்டு, வழியில் யாரிடமும் பேசாமல் வந்து, வாசலில் நின்று ரேகா என்றார். தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பை வைத்துவிட்டு, என்னாம்மா, ஏன் கத்துறீங்க என்று கேட்டாளாம். டாக்டர் சொன்ன மாதிரி தானாகச் சரியானதா, வேறு எதனாலாவதா, நான் ஆராயவில்லை.

ஏனென்றால் எனக்கு அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. நீ கூச்சிங்குக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் நீயும் ரேகாவும் அருவிக்குப் போனீர்கள். மழை வந்தது. அப்பா கீழ் ரோட்டுக்குக் காடியைக் கொண்டுவந்து உன்னை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார், ரேகா மட்டும் கடைச் சாவியை வாங்கக் கல் வழியாக ஏறிப் போனாள். நீ ஈரத் தலையோடு வந்து பெட்டியை மூடினாய், விடிகாலையில் ஏர்போர்ட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாய். நீ பேரை எடுக்கவே இல்லை. இது என்ன பேச்சு என்று எனக்கே தெரிகிறது, அப்பாவிடம் சொன்னதற்கு, நீ டிகிரி படிச்ச பொம்பளதானா, இல்ல அந்த சர்ட்டிபிகேட்டையும் கல்லுலயே வச்சிட்டு வந்துட்டியா என்று கேட்டார். ஆனால் வீடியோவில் நான் ரூபினி ரூபினி என்று கூப்பிடக் கூப்பிட நீ என்னைப் பார்த்துக்கொண்டே அசையாமல் இருக்கிறாயே, லைன் சரியில்லை என்கிறாய், சரிதான், லைன்தான், இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நானல்லவா.

அதனால் இன்றைக்குக் காலையில் நானே போனேன். மூடுபனி இறங்கியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை என்பதால் மலையில் கொழுந்தெடுக்க ஓர் ஆள் இல்லை. கல்லில் கையை வைத்து, சுகுமாரன் மகள் ரூபினி, எடுத்துக்கிறேன் என்று சொன்னேன். பேரைத்தான் சொன்னேன், ஊ என்று குரல் விடவில்லை. கீழே அருவிப் பக்கத்திலிருந்து ஊ என்று வந்தது. பதினைந்து வயதில் ரேகாவோடு போட்டி போட்டுக்கொண்டு நீ விடுவாயே, கடைசியில் கொஞ்சம் உடைகிற குரல், அதே மாதிரி. நான் பதில் கொடுக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, நிரைக்கு நடுவில் ஏறி வீட்டுக்கு வந்துதான் மூச்சு விட்டேன். அது உங்காக் குரங்கு, காலைல கத்தத்தான் செய்யும் என்கிறார் அப்பா. இருக்கலாம். குரங்காகவே இருக்கட்டும் என்றுதான் சாமி கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கூச்சிங்கிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு பூங்கா, உள்ளே அருவி வரைக்கும் நடைபாதை, பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் எல்லோரும் போகிறோம் என்றாய். போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் நீ போவாய், உன் வயதில் நான் உன்னைத் தூக்கிக்கொண்டே போயிருக்கிறேன். அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள், குளிக்கும்போது தண்ணீர் கலங்கி இலையும் சருகும் வர ஆரம்பித்தால் செருப்பைக்கூடத் தேடாமல் மேலே ஏறிவிடு, தனியாகத் திரும்பிப் போகாதே, யார் எதை மறந்து வைத்திருந்தாலும் சரி. இதெல்லாம் எல்லா அம்மாவும் சொல்வது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். உன்னோடு வருகிற பிள்ளைகள் யாருக்கும் நம் ஊ தெரியாது. வழி தப்பினாலோ, விழுந்தாலோ, அவர்கள் உன் பேரைச் சொல்லித்தான் தேடுவார்கள். பதில் கொடு, கண்ணு. உடனே கொடு, சத்தமாகக் கொடு, எந்தக் குரல் கூப்பிட்டாலும் கொடு. நான் பழக்கினதுதான், நானே சொல்கிறேன், அங்கே அது வேண்டாம். நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் கால் உடைந்து இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது வருவது படிப்பு இல்லை, சின்னதில் பழகினதுதான், ரேகாவும் கெட்டிக்காரிதான். உன் பேரை எடுத்து இந்தத் தாளின் தலையில் எழுதியிருக்கிறேன், படித்ததும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடு. சிரித்துக்கொண்டே சொன்னாலும் பரவாயில்லை.

முனியாண்டி உன்னோடு இருக்கட்டும், எடுத்த படிப்பு குறையில்லாமல் முடியட்டும், போகிற இடமெல்லாம் நல்லவர்களே உனக்கு அமையட்டும். கம்பளிச் சட்டைப் பையில் திருநீறு மடித்து வைத்திருக்கிறேன், துவைக்கும் முன் எடுத்துக்கொள். ரேகா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா விக்னேஸ்வரி

பார்சல் கைக்கு வந்ததும் சீக்கிரம் பதில் போடு.