ஐடிலிங் கொஞ்சம் கூடுதல்

ஆடி, இரண்டாம் செவ்வாய்

காலையில் என் பழைய காரின் இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவில் காற்றை இழுக்கின்றனவா என்று ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டேன். வலதில் சீறல் அதிகம்; ஐடிலிங்கும், அதாவது வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகமும், கூடியிருந்தது. எவ்வளவு திருகியும் அடங்கவில்லை. அந்த எரிச்சலோடே கிளினிக் போனேன். முதல் நோயாளி ஒட்டன்சத்திரத்து லாரி டிரைவர். அவர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஐடிலிங் கொஞ்சம் கூடுதலா இருக்கே" என்று உளறிவிட்டேன்.

மனுஷன் வெளிறிப்போனார். "ஏனுங்க டாக்டர், இங்கயே திருகிக் குறைச்சிடலாமுங்களா, மதுரைக்குப் போகோணுமுங்களா?"

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஈசிஜியும் எடுத்துக் காட்டினேன். நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை. உடனே அவருக்கு என் கார்மேல் அக்கறை வந்துவிட்டது. வாசலில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, வெறும் காதைச் சாய்த்து ஒரு நிமிஷம் கேட்டார்.

"வலது கார்புரேட்டருக்கு அடியில இருக்கற கேஸ்கெட்டுல காத்து உள்ள இழுக்குதுங்க. மாத்திப்போட்டு, மூணு நாள் கழிச்சு வந்து காட்டுங்க."