உரிக்காத பிளாஸ்டிக்

மச்சான்,

பாசிர் கூடாங்ல நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் கத்தாதீங்க. உங்க கம்ப்யூட்டர நான் கழட்டிட்டேன். ஆமா, நான்தான்!

புது புரோசசர் பூஸ்ட் ஸ்பீடுக்கு ஏறவே மாட்டேங்குது, கடைக்காரர் லிம் டூப்ளிகேட்ட தலையில கட்டிட்டாருன்னு குதிச்சீங்களே. 'நானே மாட்டுனது, தப்பே இருக்காது'ன்னு வேற சொன்னீங்க. அதுமேல இருக்கிற கூலர் ஃபேனக் கழட்டுனா, அடியில பிளாஸ்டிக் அப்படியே பளபளன்னு ஒட்டியிருக்கு! மாட்டுறதுக்கு முன்னாடி உரிக்கணும்னு அதுலயே போட்டிருக்கு. சூடு வெளிய போக வழியில்லன்னா பாவம் அது எப்படி வேகமா ஓடும்? அலமாக், வயிறு வலிக்கச் சிரிச்சேன் லா.

ரிமோட்டுல பிளாஸ்டிக், கார் சீட்டுல பிளாஸ்டிக். புது சோபாவுல நான் உரிச்சேன்னு கோவிச்சுக்கிட்டு, அன்னையிலேர்ந்து என்கிட்ட சரியா பேசுறதும் இல்ல, அதுல உக்காரவும் இல்ல. கடைசியில புரோசசருக்குமா!

உரிச்சு, சூட்டக் கடத்துற பேஸ்ட் தடவி, திரும்ப மாட்டிட்டேன். இப்ப பூஸ்ட் ஸ்பீடு ராக்கெட் மாதிரி ஏறுது.

நீங்க போன்ல திட்டுனதால லிம் மத்தியானம் நேர்ல பாக்க வர்றாரு. மன்னிப்பு கேட்டு, நல்லா நுரைக்க ஆத்தி ஒரு தே தாரிக் டீ போட்டுக் குடுங்க. நெய்ச்சோறும் தால்ச்சாவும் அடுப்புமேல இருக்கு.

உங்க பொண்டாட்டி,
நஜ்வா

பி.கு: அந்த பிளாஸ்டிக் ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கு. தூக்கிப் போடாதீங்க, உங்க தங்கச்சிக்குக் காட்டணும்.

இன்னொண்ணு: சாயங்காலம் சோபாவுல என் பக்கத்துல வந்து உக்காருங்க. எவ்ளோ மெத்துன்னு இருக்குன்னு நீங்க இன்னும் பாக்கவே இல்ல.